புறக்கோட்டையில் ஒரு பெயர்ச்சுவர்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இத்தனை அழிவுகளுக்குப் பிறகு நாட்டை ஒன்றுசேர்க்கக் கொழும்பில் பிரமாண்டமான ஒற்றுமைச் சின்னம் ஒன்றை எழுப்ப வேண்டும் என்று கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த இடத்தில், யாரை நினைத்து என்று அவர் சொல்லவில்லை. உயரமாக ஒன்று வேண்டுமென்றால் தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரத்தில் ஏற்கனவே நிற்கிறது. இரவில் கலர் கலராக லைட் போடுகிறார்கள். என் பேரன் மொட்டைமாடியில் நின்று இன்றைக்கு என்ன கலர் என்று சொல்லிக்கொண்டிருப்பான். அதன் அடியில் நின்று யாரும் யாரையும் நினைத்து அழுததாக நான் கேள்விப்படவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்தவள் நான். புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதினேன். 1987 ஏப்ரல் 21 செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவதாக இருந்தேன். புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தபோது தட்டில் அடுக்கியிருந்த புடவைக்கட்டுகள் என் கணக்குப் புத்தகத்தின்மேல் சரிந்தன. 113 பேர் செத்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற சனம். முதலாளி கடையிலிருந்த தமிழர்களைப் பின்கதவால் அனுப்பிவைத்தார்.

எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்த சிங்களப் பிள்ளையின் சித்தப்பாவும் அன்றைக்குப் போய்விட்டார். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. பயம். பொட்டை அழித்துவிட்டுப் போய்வா என்று அம்மா சொன்னார். அது அதைவிட வெட்கமாக இருந்தது. 83 ஜூலையில் நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கிடந்ததை அந்தப் பிள்ளையும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் பதினொரு வருடம் இருவரும் ஒருவர் சாப்பாட்டுப் பார்சலில் மற்றவர் கைவைத்துச் சாப்பிட்டோம். இந்த இரண்டு விஷயத்தை மட்டும் கதைக்கவே இல்லை.

அப்புறம் 2019. அதே ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. காலை 8.45க்கு எங்கள் அந்தோனியார் கோவிலிலேயே வெடித்தது. கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்கள், ஹோட்டல்கள் என்று எல்லாமாக 260 பேருக்கு மேல். கடற்படையினர் திருத்திக் கொடுத்து, திருவிழாவுக்கு முதல் நாளான ஜூன் 12இல் அந்தோனியார் ஆலயத்தைத் திரும்பத் திறந்தார்கள். திறந்தபின் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். நான் சைவம், பொன்னம்பலவாணேசர் சிவன் கோவிலும் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் கொச்சிக்கடையில் அந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. துறைமுகக் காற்றுக்கு என் மெழுகுதிரி இரண்டு தடவை அணைந்துபோனது. வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்கள அம்மா ஒன்றும் பேசாமல் தன் திரியைச் சரித்துப் பற்றவைத்தார். உருகிய மெழுகு என் புறங்கையில் விழுந்ததும் 'அனே' என்று தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். 87இல் நான் போகாமல் விட்ட செத்தவீடு அந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் குண்டு வெடித்ததற்குப் பிந்திய வாரங்களில் எங்கள் ஒழுங்கையில் இருந்த முஸ்லிம் குடும்பம் கதவைத் திறக்கவே பயந்தது. மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. பொட்டை அழிக்கச் சொன்ன அம்மாவைப் போல, அந்த வீட்டிலும் ஒரு தாய் தன் பிள்ளையிடம் ஏதோ சொல்லியிருப்பாள்.

எல்லா இனத்திலும் பலியானவர்களுக்காகச் சுதந்திர தினத்தில் ஒரு தனி நிகழ்வு வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே சிபாரிசு செய்தது. நடப்பது என்ன? மே மாதம் வந்தால் பத்தரமுல்லையில் படையினருக்கு மலர் வைக்கிறார்கள், வடக்கில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். பெரிய சின்னங்களின் கதியும் தெரிந்ததுதான். எம்பிலிப்பிட்டியவில் காணாமல் ஆக்கப்பட்ட மாணவர்களுக்காகப் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் கட்டிய நினைவிடம் கவனிப்பாரில்லாமல் சிதைந்து, கடைசியில் இடம் தெரியாமலே போனது.

அதனால் என் யோசனை சின்னது. மத்திய பஸ் நிலையத்தைப் புதுப்பிக்கும் பேச்சு அடிபடும்போதெல்லாம் தோன்றுகிற ஒன்று. அங்கே ஒரு சுவர் வையுங்கள். 83 ஜூலை, 87 பஸ் நிலையம், 96 ஜனவரியில் மத்திய வங்கி, அதே வருடம் தெஹிவளை ரயில், 2019 ஈஸ்டர் என்று இந்த நகரத்தில் செத்த சாதாரண சனத்தின் பெயர்கள், மூன்று மொழியிலும். பெயரும் வருடமும் போதும். கொடியும் அமைச்சரின் பெயர்ப்பலகையும் வேண்டாம். யார் கொன்றார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த வேலையைக் கைவிடச் சொல்லி நான் எழுதவில்லை, சுவர் அதற்குப் பதிலும் ஆகாது. 83இல் எத்தனை பேர் என்பதிலேயே கணக்குகள் ஒத்துவருவதில்லை. அந்த வருடத்துக்குக் கீழே இடத்தை வெறுமையாக விடுங்கள், வீட்டுக்காரர் வந்து பெயர் கொடுக்கட்டும். இரண்டு பெயர் நானே கொண்டுவருவேன்.

காலிமுகத்திடல் வசதியில்லையா என்று சிலர் கேட்பார்கள். அங்கே காற்று வாங்கத்தான் போவோம். புறக்கோட்டை அப்படியில்லை. யாழ்ப்பாணம் போகிறவரும் மாத்தறை போகிறவரும் மிதிக்கிற இடம். பஸ் வர அரை மணித்தியாலம் இருந்தால், வேறு வேலையில்லாமல் மனிதர் சுவரைத்தான் வாசிப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெயர்களைக் கல்லில் வெட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பஸ் இருக்கைக்கு மேலே 'கர்ப்பிணித் தாய்மார்' என்று இருக்க வேண்டியதை 'நாய்மார்' ஆக்கி மாட்டியிருந்த பலகைக்குக் கீழே உட்கார்ந்து நானே பயணம் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகி,
கொழும்பு 13