இரண்டாம் முறையும் வரச் சொன்னவர்

அன்புள்ள கயல்,

இங்கு நானும் அப்பாவும் நலம். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து அப்பா தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் அளவில்லாத மகிழ்ச்சிதான். ஆனால் பேச்சினிடையே, ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த இரண்டு நிமிடத்திலேயே எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும், மீதி நேரமெல்லாம் சம்பிரதாயம்தான் என்று உன் மேலாளர் சொன்னதாகவும், உனக்கும் அது சரியென்றே படுவதாகவும் சொன்னாய். அதைப் பற்றி அவசரமாகப் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொருவர் வீட்டுப் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மேலாளர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. சொல்லப்போனால், இரண்டு நிமிடம்கூடத் தேவையில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத முகங்களை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொன்ன பதிலும், ஆற அமரப் பார்த்துச் சொன்ன பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு அதிகம் மாறவில்லை. தம் தீர்ப்பு சரிதான் என்ற உறுதி மட்டும் கூடியது. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நீ மனத்தில் கொள்ள வேண்டும். நேர்காணல் முடியும்போது உன் மேலாளருக்கு உண்டாகும் அந்தத் திடமான உணர்வு, எதிரே இருப்பவரைப் பற்றிப் புதிதாக அறிந்துகொண்டதால் வந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் நொடியில் விழுந்த எண்ணமே வலுத்துப்போய், அறிவைப் போலத் தோற்றம் தருகிறது. மனம் சட்டென்று தீர்ப்புச் சொல்வதை யாராலும் தடுக்க முடியாது, கயல். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்கிறோம் என்பதுதான் நம் பொறுப்பு.

நம் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்று இதற்குப் பொருந்தும். கணித மேதை இராமானுஜனைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பாய். ஆனால் 1910ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வேலை தேடி வந்து நின்ற கோலத்தைப் பள்ளிப் பாடங்கள் சொல்வதில்லை. கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற, பட்டப்படிப்புக்கு முந்தைய அந்நாளையத் தேர்வில் தவறி, சான்றிதழ் என்று காட்ட ஒன்றுமில்லாமல் இருந்த காலம் அது. அப்போது நெல்லூரில் கலெக்டராக இருந்தவரும் கணிதத்தில் ஈடுபாடு கொண்டவருமான ஆர். இராமச்சந்திர ராவிடம் அவருடைய உறவினர் ஒருவர் வழியாக இராமானுஜன் அழைத்துச் செல்லப்பட்டார். அந்தச் சந்திப்பை ராவ் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். குட்டையான, பருத்த, முகம் மழிக்காத, அவ்வளவாகத் தூய்மையும் இல்லாத ஓர் உருவம், கக்கத்தில் நைந்த நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே நுழைந்ததாகவும், ஒளிரும் கண்களைத் தவிர அவரிடம் குறிப்பிடத்தக்கதாக வேறு எதுவும் இல்லை என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். அவர் அன்று இரண்டு நிமிடத்தில் முடிவு செய்திருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ராவ் செய்தது வேறு. நோட்டில் இருந்தவை சாதாரணமானவை அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவை அர்த்தமுள்ளவையா, வெறும் உளறலா என்று தீர்மானிக்கும் அளவுக்குத் தம் கணித அறிவு போதாது என்பதும் தெரிந்தது. ஆகவே தீர்ப்பை நிறுத்திவைத்து, மறுபடியும் வரச் சொன்னார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவது. மீண்டும் வந்த இராமானுஜன், எதிரே இருப்பவருக்கு எவ்வளவு புரியும் என்பதை முதல் சந்திப்பிலேயே கணித்துக்கொண்டு, இம்முறை எளிமையான முடிவுகளிலிருந்து தொடங்கினார். அங்கிருந்து படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்றார். அதன் பிறகுதான் ராவ் முழுமையாக நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் ஏதாவது போதும் என்றார் இராமானுஜன். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே கொடுக்க ராவ் முன்வந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு, இராமானுஜன் தம் சூத்திரங்களை எழுதிய கடிதம் போனது. ஹார்டிக்கும் முதலில் இது ஏமாற்று வேலையோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் அன்றிரவே தம் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு சூத்திரமாகச் சோதித்தபோது அந்த ஐயம் நீங்கியது. அதற்கு முன்பே அதே பல்கலைக்கழகத்தில் வேறு இரு பெரிய கணித அறிஞர்களுக்கும் இராமானுஜன் எழுதியிருந்தார். அவர்களிடமிருந்து உதவி வரவில்லை. திறமை எல்லாக் கதவுகளுக்கு முன்னும் ஒன்றாகவே இருந்தது. சோதித்துப் பார்க்கும் பொறுமை இருந்த இடத்தில்தான் கதவு திறந்தது.

மேதைகளின் கதை நம் அலுவலகங்களுக்குப் பொருந்துமா என்று நீ கேட்கலாம். வங்கியில் நான் கிளை மேலாளராக இருந்த காலத்தில் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசவே தயங்குவார். வந்த முதல் வாரத்திலேயே, இந்தப் பையன் தேறமாட்டான் என்று கிளையில் பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் மாலையில் கேஷ் கணக்கு முடிக்கும்போது அவருடைய கவுண்டரில் பணமும் வவுச்சரும் ஒரு பைசா பிசகாமல் டேலி ஆகும். அவர் கொடுத்த லெட்ஜரை இரண்டாம் முறை சரிபார்க்க வேண்டிய அவசியமே அதிகாரிகளுக்கு ஏற்பட்டதில்லை. கலகலப்பாகப் பேசிக் கிளையையே கவர்ந்துகொண்ட இன்னொருவரின் சஸ்பென்ஸ் கணக்கு உருப்படிகளை, அதாவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாமல் தற்காலிகமாக ஒதுக்கிவைத்த தொகைகளை, நேர்செய்ய மற்றவர்கள் இரவு வரை உட்கார்ந்திருந்ததும் உண்டு. பின்னால் தணிக்கைப் பிரிவு ஆள் கேட்டபோது நான் பரிந்துரைத்தது முதலாமவரைத்தான். இன்று அவர் அந்தத் துறையில் மதிக்கப்படும் அதிகாரி.

இது என் ஒரு கிளையின் அனுபவம் மட்டுமல்ல. மனிதர்களின் குணத்தை ஐந்து பெரும் கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பது உளவியலில் நிலைபெற்ற வழக்கம்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் பதற்றமடையும் இயல்பு. 1991இல் பாரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தாங்கள் எடுத்துக்கொண்ட எல்லா வகை வேலைகளிலும் பணித்திறனோடு தொடர்புடையதாக இருந்த குணம் பொறுப்புணர்வு ஒன்றுதான். எடுத்த வேலையை ஒழுங்காக, சொன்ன நேரத்தில், யாரும் பார்க்காதபோதும் முடிக்கும் குணம் அது. கலகலப்போ விற்பனை, மேலாண்மை போன்ற, மனிதர்களோடு பழக வேண்டிய வேலைகளில் உதவியது. இதில் என்னை வருத்துவது என்னவென்றால், கலகலப்பு முதல் நிமிடத்திலேயே கண்ணில் படுகிறது. பொறுப்புணர்வோ பல வாரங்கள் கூடவே வேலை பார்த்தால்தான் தெரியவருகிறது. எது சீக்கிரம் தெரிகிறதோ அதற்கே மதிப்பெண் போட்டுவிட்டு, எது அதிகம் தேவையோ அதைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறோம்.

முதல் எண்ணம் தவறாக இருந்தாலும் போகப் போகத் தானே சரியாகிவிடும் என்றும் நம்பிவிடாதே. 1977இல் மார்க் ஸ்னைடரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆண்கள் சிலரை முன்பின் தெரியாத பெண்களோடு தொலைபேசியில் பேச வைத்தார்கள். எதிர்முனையில் இருப்பவரின் படம் என்று சொல்லி, சிலரிடம் அழகான முகத்தையும் சிலரிடம் அவ்வாறில்லாத முகத்தையும் கொடுத்தார்கள். உண்மையில் இரண்டுமே பேசியவரின் படம் அல்ல. அழகி என்று நம்பியவர்கள் அன்பாகப் பேசினார்கள். படத்தைப் பற்றி எதுவும் அறியாத அந்தப் பெண்களும் அதற்கேற்பவே மலர்ந்து பேசினார்கள். அவர்கள் பேச்சை மட்டும் தனியே கேட்டவர்களுக்குக்கூட அது புலப்பட்டது. நேர்காணலிலும் இதுதான் நடக்கிறது. பிடித்துப்போனவரிடம் சிரித்த முகத்தோடு எளிய கேள்வி கேட்கிறோம், அவர் நன்றாகப் பதில் சொல்கிறார். மற்றவரிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறோம், அவர் தடுமாறுகிறார். பிறகு இரண்டையும் காட்டி, நான் முதலிலேயே நினைத்தேன் என்கிறோம். வேலை கிடைத்த பிறகும் நல்ல பொறுப்புகள் யாரிடம் போகின்றன, யாருக்கு நிதானமாகச் சொல்லித் தருகிறார்கள் என்பதையெல்லாம் அந்த முதல் நாள் எண்ணமே பல இடங்களில் தீர்மானிக்கிறது. வெற்றி என்று நாம் பின்னால் பெயர் சூட்டுவதில் எவ்வளவு பங்கு இப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இதற்காக முதல் தோற்றத்தை அலட்சியப்படுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஆண்டு வளாக நேர்காணலுக்குப் போகவிருக்கும் உன் தம்பியிடம், நேரத்துக்குப் போ, இஸ்திரி போட்ட சட்டை அணி, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவை அவன் கையில் இருப்பவை. ஆனால் எல்லார் வீட்டிலும் இதைச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. சிறிய ஊரிலிருந்து பேருந்தில் விடிய விடியப் பயணம் செய்து வந்து, ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்துக்கே திணறும் பெண் ஒருத்தி உன் எதிரே உட்காரும்போது, அந்தத் திணறலுக்கும் அவள் எழுதும் கணினி நிரலுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கணம் உன்னையே கேட்டுக்கொள்.

நீ நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்துக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் இடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசி முடிவு செய்வதைவிடப் பின்னாளைய பணித்திறனை நன்றாகக் கணிக்கிறது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 1998இலும் 2022இலும் இதையே கண்டார்கள். குழுவில் மற்றவர் கருத்தைக் கேட்பதற்கு முன் உன் மதிப்பெண்ணை எழுதிவிடு. முடிந்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவர் செய்த வேலையைப் படித்துவிடு. யாரைப் பற்றியாவது வேண்டாம் என்று மனம் முதலிலேயே சொன்னால், அவருக்கு மட்டும் இன்னொரு கேள்வியை, எளிதான இடத்திலிருந்து தொடங்கிக் கேட்டுப் பார்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி மதிப்பெண் தாள் எதுவும் இருக்கிறதா என்று விசாரித்து எழுது. இல்லையென்றால் நீயே ஒன்றைத் தயாரித்து உன் மேலாளரிடம் கொடு. அடுத்த வாரம் முதல் ஆளை அழைப்பதற்குள் அது மேசையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா