படுத்தால் கூடும் முதுகுவலி

அன்புள்ள செல்வம்,

உன் மகன் விடியற்காலை 3 மணிக்கு முதுகுவலியால் எழுந்து அறைக்குள்ளேயே நடக்கிறான், நடந்தால்தான் வலி விடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் ஓடவில்லை. என் தம்பிக்கு 24 வயதில் இப்படியேதான் ஆரம்பித்தது.

பாரம் தூக்கி வந்த வலி என்றால் படுத்தால் அடங்கும். இது நேர்மாறு. ஓய்வில் கூடும், நடமாடினால் குறையும், காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு கட்டையாக விறைத்திருக்கும். புட்டத்தில் ஒரு சமயம் இடப்பக்கம், ஒரு சமயம் வலப்பக்கம் என்று வலி மாறுகிறதா, குதிகாலில் வலி உண்டா, அதையும் கேள். 45 வயதுக்குள் தொடங்கி 3 மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸா, அதாவது முதுகுத்தண்டு மூட்டுகளில் வரும் நாள்பட்ட அழற்சி நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். அப்புறம், கண் சிவந்து வலித்து வெளிச்சத்துக்குக் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டு. தம்பிக்கு அது வந்தபோது வெறும் கண்வலி என்று நினைத்தோம், முதுகோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எக்ஸ்ரே நார்மல் என்றதும் நிம்மதியானதாக எழுதியிருக்கிறாய். நாங்களும் அந்த ஒரு வார்த்தையை நம்பி 6 வருடத்தைத் தொலைத்தோம், எனக்கு இன்றும் ஆறவில்லை. முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் ஏற்படும் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியப் பல வருடம் பிடிக்கலாம், எம்ஆர்ஐயில் அழற்சி அதற்கு முன்பே தெரியக்கூடும். இந்த நோயோடு தொடர்புள்ள ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். அது பாசிட்டிவ் ஆன பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை, நெகட்டிவ் ஆனவர்களிலும் சிலருக்கு வருகிறது, அதனால் அதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தும் நோய் இருக்கலாம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொல்ல ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு அழற்சி நோய்களுக்கான சிறப்பு மருத்துவர்தான் வேண்டும். கீழ்முதுகில் 10 செ.மீ. அளந்து குறி வைத்துக் குனியச் சொல்வார், குறிகளுக்கிடையே 15 செ.மீ.யாவது விரிய வேண்டும். தம்பிக்கு 12 தான் வந்தது. மூச்சை இழுக்கும்போது மார்பு எவ்வளவு விரிகிறது என்றும் அளந்தார்கள்.

தம்பி இப்போது மருந்தோடு தினமும் உடற்பயிற்சியும் செய்கிறான், ராத்திரி தூங்குகிறான். போன இடத்தில் வலியைப் பற்றி மகனே சொல்லட்டும், 3 மணிக்கு எழுவதை மட்டும் அவன் மறந்தால் நீ சொல். பார்த்துவிட்டு வந்த அன்றே எனக்கு எழுது.

அன்புடன்,
ரவி