அடியில் படுத்திருக்கும் மீனைப் பற்றி

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். உன் பெட்டா மீன் தொட்டியின் அடியில் சாய்ந்து படுத்திருக்கிறது, திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி இறங்கிவிடுகிறது, "செத்துப்போகப் போகுதாப்பா?" என்று கேட்டிருந்தாய். பதறாதே. மேலே வந்து காற்று குடிப்பது அதன் பிறவிக் குணம், செவுள் போக, காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பும் அதற்கு உண்டு. படுத்துத் தூங்குவதும் சகஜம்தான். ஆனால் விளக்கு எரியும்போதும், தீனி போடும்போதும், நீ கிட்டே போனாலும் எழுந்து வராமல் கிடந்தால் அது தூக்கம் இல்லை.

அப்போது மீனைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல்முதலாக நான் வளர்த்த பெட்டா இப்படித்தான் படுத்தது. தொட்டி அழுக்கு என்று நினைத்து மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி வைத்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷத்தைத் தீங்கு குறைந்ததாக மாற்றித் தரும் நல்ல பாக்டீரியா அந்தப் பஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கிறது, குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான்காம் நாள் மீன் போய்விட்டது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

அதனால் நீ கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்று. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்து, சூடு தொட்டித் தண்ணீரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து மெதுவாக ஊற்று. அம்மோனியா சோதனைக் கிட் ஒன்று வாங்கிக்கொள், அதில் பூஜ்யம்தான் வர வேண்டும். அப்புறம் தெர்மாமீட்டர். பெட்டாவுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். உன் அறை ராத்திரியில் குளிர்ந்துவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், ஹீட்டரும் இல்லை. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான், குளிர்ந்த தண்ணீரில் அதன் உடம்பு மந்தமாகிவிடும், செரிமானமும் படுத்துவிடும்.

கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓடுகிறது என்றாயே, விளக்கைப் போட்டதும் தன் பிம்பத்தையே பார்த்து எதிரி என்று நினைத்துச் செவுளை விரிக்கிறதா என்று கவனி. அப்படியானால் பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டு, ஒளிந்துகொள்ள நாலு செடி வை.

மேலே நுரை கட்டியிருந்ததைத் துடைத்து எடுத்துவிட்டேன் என்றாய். அது அழுக்கு இல்லையம்மா, ஆண் மீன் முட்டைகளை வைக்க வாயால் கட்டும் கூடு, பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டும். கூடு கட்டினால் மீன் நலமாக இருக்கிறது என்பார்கள், நான் அதை முழுசாக நம்பமாட்டேன், கெட்ட தண்ணீரிலும் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். இனிமேல் கலைக்காமல் விட்டுவிடு.

வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் நான் நிஜமாகவே பயப்படுவேன். கல்லில் உடம்பைத் தேய்க்கிறதா, டார்ச் அடித்தால் உடம்பின் மேலே பொன் துகள் தூவியது போலத் தெரிகிறதா என்றும் பார். இதில் எது இருந்தாலும் உடனே கூப்பிடு, என்ன மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நீயாக எதையும் ஊற்றாதே. வீடியோவில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, வயிறு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மூன்று வேளையும் தீனி போடுகிறாயோ? இன்றும் நாளையும் ஒன்றும் போடாதே, தாங்கும். அப்புறம் காலையில் இரண்டு மூன்று தீனிக் குருணை, சாயங்காலம் அதே அளவு, போதும்.

சரி, ராத்திரி படுக்கும் முன் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று ஒரு மெசேஜ் போடு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா