அந்தக் கிழவிக்கு 4 ஹெச்பிதான் இருந்தது

அண்ணா,

வரும் சனிக்கிழமை நான் ஸ்கிரீனுக்குப் பின்னால், கதை சொல்லி ஆட்டம் நடத்துகிறவர் இடத்தில், உட்காரப்போகிறேன். ஆபீஸில் நாலு பேர், ஒருவரும் இதுவரை டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் அந்த விளையாட்டை, ஆடியதில்லை. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தேதியைப் பார்த்தேன். நீங்கள் எங்களுக்கு நடத்திய கடைசி செஷன் முடிந்து அன்றோடு ஆறு வருஷம்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். உங்கள் பழைய நம்பர் போகவில்லை. புது நம்பரை மற்றவர்களிடம் கேட்டால் கிடைக்கும், கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் இங்கே எழுதுவதை நீங்கள் எப்போதாவது வாசிப்பீர்கள் என்று தெரியும். அன்று மேஜையில் இருந்த இன்னும் இரண்டு பேரும் வாசிக்கிறார்கள். அதனால் அன்று ராத்திரி மாடிப்படியில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்குள் போகமாட்டேன். நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி செஷனில் வெளியே நிஜமாகவே மழை. கரண்ட் போய், செல்போன் டார்ச் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்து, அந்த வெளிச்சத்தில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இடிந்த கோயில், உள்ளே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் அவள். "நனஞ்சு வந்திருக்கீங்க. உக்காந்து கஞ்சி குடிங்க." கிழவி என்றாலே நீங்கள் தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொள்வீர்கள். அன்று உங்கள் சொந்தக் குரலிலேயே பேசினீர்கள். அதை நான் கவனித்தேன் அண்ணா. கவனித்து, ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அவள் பொய் சொல்கிறாளா என்று அறிய இருபது முகப் பகடையை உருட்டினேன், இன்சைட் என்பார்கள். 3 விழுந்தது, ஆளைச் சரியாகப் படிக்கப் போதாத எண். "உண்மையைத்தான் சொல்கிறாள் என்று உனக்குத் தோன்றுகிறது" என்றீர்கள். பகடை என் கண்ணெதிரே 3 காட்டிக்கொண்டு கிடக்கிறது. அப்புறம் எப்படி நம்புவேன்? 18 விழுந்து அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தக் கஞ்சியைக் குடித்திருப்பேன். அவள் சொன்னதில் எந்த மாற்றமும் இல்லை, எண்தான் வேறு.

எங்கள் க்ளெரிக், சாமியின் சக்தியால் மந்திரம் போடுகிறவன், ஸோன் ஆஃப் ட்ரூத் என்ற மந்திரத்தைப் போட்டான். அதற்குள் நின்று சேவ், அதாவது மந்திரத்தைத் தடுக்கும் உருட்டில், தோற்றவர் பத்து நிமிஷத்துக்குப் பொய் சொல்ல முடியாது. தோற்றாரா என்பது மந்திரம் போட்டவனுக்குத் தெரியும். கிழவி தோற்றாள் என்று நீங்களே வாய்விட்டுச் சொன்னீர்கள். அதற்குப் பிறகும் "கஞ்சியில விஷம் இல்ல சாமி" என்று அவள் சொன்னபோது நான் கேட்டேன்: "கஞ்சியில் இல்லை. கிண்ணத்தில்?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் முகம் இருட்டில் இருந்தது. அந்த மந்திரத்தில் பொய்தான் சொல்ல முடியாது, நழுவலாம். அதுவும் விதியில் எழுதியிருக்கிறது. நான் விதியைத்தான் பிடித்துக்கொண்டேன். அவள் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்துக் காட்டினாள். அவளே நடமாடும் பிணமாக இருந்தால் விஷம் ஏறாதே என்று ஒரு குரல் வந்தது. யார் என்று எழுதவில்லை. பிறகு அவள் விளக்கைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். "இத வச்சுக்கம்மா."

குத்துகிறேன் என்றேன்.

"நிச்சயமா?" என்று கேட்டீர்கள்.

எங்கள் ஃபைட்டர் அவளுக்குப் பக்கத்தில் நின்றதால் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடியும் சேர்ந்தது. அவள் ஹெச்பியிலிருந்து, அதாவது உயிர்ப்புள்ளியிலிருந்து, கழிய வேண்டியது மொத்தம் 17. கூட்டிச் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். நீங்கள் பேப்பரைப் பார்க்காமலே, "அவளுக்கு நாலுதான் இருந்தது" என்று சொல்லிவிட்டு ஸ்கிரீனை மடித்தீர்கள். பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டீர்கள். ஏழும் உள்ளே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மன்னித்துவிடுங்கள் அண்ணா. அவள் யார் என்று எனக்கு அன்று தெரியாது. இரண்டு வருஷம் கழித்து, வேறு யாரோ வேறு எதையோ பேசும்போது தெரியவந்தது. அந்த வாரம் நீங்கள் எந்த ஊரிலிருந்து நேராக எங்களிடம் வந்தீர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே இவ்வளவுதான் எழுத முடியும். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

ஆனால் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் செஷனில், முதல் அறையில், முதல் பெட்டியைத் திறக்கக் கை வைத்தேன். பெட்டி மிமிக், பெட்டி வேஷம் போட்ட பூதம். கை ஒட்டிக்கொண்டு வரவேயில்லை. சத்திரக்காரர் அன்பாகப் பேசினார், நாங்கள் தூங்கியதும் எங்களை விற்றார். அழுதுகொண்டிருந்த பையனைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன், அவன் ஆள் உருவம் மாறும் டாப்பல்கேங்கர். நான் நம்பி வைத்த ஒவ்வொரு அடியிலும் பள்ளம் தோண்டியவர் நீங்கள். சும்மாவே ஸ்கிரீனுக்குப் பின்னால் பகடையை உருட்டிவிட்டு "ஒன்னுமில்ல, தொடருங்க" என்பீர்கள். நடைபாதையில் நடந்தாலும் "நிச்சயமா?", தண்ணீர் குடித்தாலும் "நிச்சயமா?" அன்று மனசறிந்து ஒரு தடவை கேட்டீர்கள். முந்தைய நூறிலிருந்து அதை நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேன்?

இந்த விளையாட்டே இப்படி வளர்ந்ததுதான், அதையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். எதற்கும் அஞ்சாத ஆட்டக்காரர்களை அடக்க, இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975 ஆரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுக்கு ஆட்டத்துக்குள் ஒரு கல்லறை கட்டினார். அதில் பச்சைப் பேய்முகம் வாயைத் திறந்துகொண்டிருக்கும், உள்ளே போனவர் அதோடு சரி. ஆட்டக்காரர்களோ கதவைத் திறக்கும் முன் காதை வைத்துக் கேட்பார்கள். அவர் எழுதிய 1977 மான்ஸ்டர் மேனுவல் என்ற பூதப் புத்தகத்தில் பார்த்தால், கதவில் காது வைப்பவரின் காதுக்குள் புகுந்து முட்டையிடுகிற பூச்சி. இவர்கள் ஒன்று கண்டுபிடிக்க, அவர் அதைத் தின்ன ஒன்று கண்டுபிடிக்க, கடைசியில் தரையைத் தட்டிப் பார்க்கப் பத்தடிக் கழி இல்லாமல் யாரும் ஓர் அடி எடுத்துவைப்பதில்லை. நான் வாங்கிய கழி 5 செப்புக் காசு. என் பாத்திரத்தின் ஷீட்டில் இருந்ததிலேயே மலிவான பொருள், நான் முழுசாக நம்பிய ஒரே பொருளும் அதுதான். ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரே நடைபாதையைத் தட்டிக்கொண்டிருந்தோமே. அங்கே பொறியே இல்லை என்று பிறகு சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் இருந்த களைப்பு எனக்கு இப்போதுதான் கேட்கிறது.

அதே ஆள்தான் ஆட்டம் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு என்னோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். பஸ் நம்பரை எழுதிக்கொள்வார். வீட்டுக்குப் போய் மெசேஜ் போடும்வரை தூங்கமாட்டார். மேஜைக்கு வெளியே உங்களை நான் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்பட்டதில்லை. மேஜைக்குள் வந்தால் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லையும் நம்பமாட்டேன். அந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டோம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அங்கிருந்ததை இங்கே எடுத்துவந்தீர்கள்.

அதற்காக ஊரைவிட்டுச் சொல்லாமல் போகவேண்டுமா? சரி, அதற்காக இல்லை, வேலைக்காகப் போனீர்கள். அப்படியே இருக்கட்டும்.

என் ஆட்டத்தில் இன்சைட்டை நானே ஸ்கிரீனுக்குப் பின்னால் உருட்டப்போகிறேன். எண் அவர்கள் கண்ணில் படாது, என் வார்த்தை மட்டும்தான் போகும். முதல் அறையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். திறந்தால் நாலு கம்பளி இருக்கும், காய்ந்த கம்பளி. நாலு பேருக்கு நாலு. இரண்டாவது அறையில் ஒரு பொறி உண்டு, அதை ஒரு எலி செத்துக்கிடப்பதைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவேன். "நிச்சயமா?" என்று கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும். இதைத் தொடங்கும் முன்னாலேயே அவர்களிடம் சொல்லப்போகிறேன்.

நீங்கள் விட்டுப்போன ஸ்கிரீனைத்தான் எடுத்தேன். உள்பக்கத்தில் ஒரு நோட்டுத்தாள் கிளிப்போடு அப்படியே இருந்தது, உங்கள் சாய்ந்த கையெழுத்தில் அவள் தற்காப்பு எண்ணும் (ஏசி) உயிர்ப்புள்ளியும். "கிழவி. ஏசி 10, ஹெச்பி 4. நல்லவள். எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்வாள்." அதில் "நல்லவள்" என்பதற்கு அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே, "விளக்கை வாங்கிக்கொண்டால்" என்று எழுதி ஓர் அம்புக்குறி. தாள் அங்கே முடிகிறது. பின்பக்கம் வெறும் மளிகைக் கணக்கு.

ஸ்கிரீனை மூன்று தடவை உதறிப் பார்த்துவிட்டேன். அடுத்த தாள் இல்லை. வாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் அண்ணா? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். இந்த நாலு பேருக்கும் நான் அந்த விளக்கை நீட்ட வேண்டும்.