திண்ணையில் ஆள் இருக்க, ‘வீடு பூட்டியிருந்தது’

ஆசிரியருக்கு,

பார்சல் சேவைகள் சிற்றூர்களுக்கும் விரிவடைவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். வேகம் இருக்கட்டும், வரும் குறுஞ்செய்தி உண்மையாக இருக்க வேண்டாமா? சென்ற மாதம் எங்கள் மருந்துப் பார்சல் ‘இன்று வரும்’ என மூன்று நாளும் தகவல் வந்தது. நான்காம் நாள், ‘வீடு பூட்டியிருந்தது, திரும்பினோம்’ என்றார்கள். அப்போது நான் முகப்புத் திண்ணையில்தான் அமர்ந்திருந்தேன். (செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, பின்கட்டிலும் ஆள் இருந்தது.) பார்சலோ காரைக்குடியையே தாண்டவில்லை!

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை இணைய விற்பனை நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதோடு, ‘வீடு பூட்டியிருந்தது’ எனப் பதியுமுன் பெறுநரைத் தொலைபேசியில் அழைத்த நேரத்தையும் பதிவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

– வாசகர், கானாடுகாத்தான்