வளைவு வேண்டிய இடம் மூலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலுவலகங்களில் வளைந்த மேசைகளுக்கும் சோபாக்களுக்கும் பெருகிவரும் வரவேற்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணுக்கு இதமாக இருப்பதையே அக்கட்டுரை முதற்காரணமாகச் சொல்கிறது. கூர்முனை கொண்ட பொருள்களைவிட வளைவான பொருள்களையே மனிதர்கள் விரும்புகிறார்கள் என்று மோஷே பார், மைத்தால் நேத்தா ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது. ஆயினும், மரச்சாமான் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், வளைவை அழகுக்காக மட்டும் கேட்பது வீண்செலவு என்று கருதுகிறேன்.

அமெரிக்காவின் ரசீன் நகரில் 1939இல் திறக்கப்பட்ட ஜான்சன் வாக்ஸ் நிறுவனத் தலைமை அலுவலகத்தைப் பாருங்கள். அதன் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், செங்கல் சுவர்களின் மூலைகளை வளைத்துக் கட்டியதோடு, உள்ளே போடவேண்டிய மேசை நாற்காலிகளையும் தாமே வரைந்தார். இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் முனை உருண்ட மரப்பலகை பொருத்தப்பட்டிருந்ததால், பெருங்கூடத்தில் மேசைகளுக்கிடையே நடப்பவர்கள் மூலையில் இடித்துக்கொள்ள வழியில்லை. இழுப்பறைகளும் முன்னோக்கி இழுபடாமல், ஓர் அச்சைப் பற்றிப் பக்கவாட்டில் திரும்பித் திறந்தன. இத்தனை யோசித்தவரே தட்டச்சுப் பணியாளர்களுக்கு மூன்று கால் நாற்காலியைக் கொடுத்தார். சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே அது கவிழ்ந்தது. பின்னர் நான்கு கால்கள் வைக்க நேர்ந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும்.

இனிப் பட்டறைக் கணக்குக்கு வருகிறேன். பிளைவுட் ஷீட் 8க்கு 4 அடி அளவில் வருகிறது. நேர்மேசைக்கு வெட்டினால் கழிவுத் துண்டு குறைவாக விழும். சிறுநீரக வடிவ மேசைக்கு வெட்டினால் மிஞ்சும் துண்டுகளில் பாதி எதற்கும் ஆகாது. வரவேற்பு மேசையின் வளைந்த முன்பலகைக்குப் பிளைவுட்டின் பின்புறம் நெருக்கமாக ரம்பக்கோடு போட்டு மடக்க வேண்டும். கோடு ஆழமாகிவிட்டால் பலகை முறியும். ஆழம் போதாவிட்டால் முகப்பு சீராக வளையாமல் பட்டை பட்டையாகத் தெரியும். இறுக்கமான வளைவில் சூடு காட்டாமல் ஒட்டிய மைக்கா (பலகையின்மேல் ஒட்டும் மெல்லிய தகடு) வெடித்துவிடும். இதற்கெல்லாம் கூலி கூடுதல். எங்களுக்கு அது வருமானம் என்பதையும் நான் மறைக்கவில்லை.

வாடகைக்கு ஒவ்வொரு சதுர அடியையும் எண்ணிப் பார்க்கும் சிறு அலுவலகத்தில், நேர்ச்சுவரை ஒட்டி அரைவட்ட சோபாவைப் போட்டால், அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே குப்பை சேரும் சந்துதான் மிஞ்சும். மாறாக, கலந்தாய்வு மேசை நீள்வட்டமாக இருப்பதில் பொருளுண்டு. நீண்ட செவ்வக மேசையில் ஒரே பக்கம் அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க எட்டி எட்டிக் குனிய வேண்டியிருப்பதை யாரும் அறிவர். அதைவிடவும் முக்கியமானது, பொதுமக்கள் நெருக்கியடித்து நிற்கும் கவுன்டர்களின் மூலை. இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனை, தாயின் கைபிடித்து வரும் குழந்தைக்கு நெற்றி உயரம்.

மேசையின் மூலைகளை 50 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட, விளிம்பைச் செதுக்கும் ரவுட்டர் என்ற கருவியும் விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் பட்டையும் போதும், ஷீட்டும் வீணாகாது. அரசு அலுவலகங்களுக்கு மரச்சாமான் வாங்கும் துறைகள், ஒப்பந்தப்புள்ளியில் நீளம், அகலம், பலகையின் தடிமன் ஆகியவற்றோடு மூலையின் ஆரத்தையும் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரச்சாமான் பட்டறை உரிமையாளர்,
கோயம்புத்தூர்.