யாருக்கும் இழப்பில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு மென்பொருள் நிறுவனம் தன் தன்னார்வ வல்லுநர்களுக்கான அங்கீகாரத் திட்டத்தை நிறுத்திவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை வணிகப் பக்கத்தில் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். வாடிக்கையாளர் கேள்விகளுக்கு இனி செயற்கை நுண்ணறிவே பதில் சொல்லும் என்பது நிறுவனம் சொன்னது. அதை நீங்கள் அச்சிட்டீர்கள், சரி. கடைசி வரி மட்டும் உங்கள் செய்தியாளருடைய சொந்தச் சரக்கு: ‘இவர்கள் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர் என்பதால் இந்த முடிவால் யாருக்கும் இழப்பில்லை.’ இப்படிச் சொல்ல அந்த நிறுவனத்துக்கே வாய் வரவில்லை. நன்றி என்று நாலு வரி மின்னஞ்சலாவது அனுப்பினார்கள்.

செய்தியில் நிறுவனத்தின் பெயரை நீங்கள் போடவில்லை. ‘முன்னணி நிறுவனம்’ என்றே முடித்துக்கொண்டீர்கள். அதே பக்கத்தின் கீழே அதன் அரைப்பக்க விளம்பரம் இருந்ததால் வாசகர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டிருப்பீர்கள். நானும் பெயரைச் சொல்லவில்லை.

காரைக்குடியில் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் உதவித் தளத்தில் தமிழில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன். பதிலுக்கு அவர்கள் தந்தது ஆண்டுக்கொரு சான்றிதழும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும். பணம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அந்த நட்சத்திரம் இருந்தால்தான் மதுரையிலிருந்து ஒரு அச்சகக்காரர் ‘இவர் சொன்னால் சரியாக இருக்கும்’ என்று நம்பித் தன் கோப்பைத் திறந்து பார்ப்பார். ஊர்பேர் தெரியாத ஒருவன் ‘இந்த அமைப்பை மாற்றுங்கள்’ என்றால் யார் மாற்றுவார்கள்?

என்ன பெரிய கேள்வி வந்துவிடும் என்று உங்கள் செய்தியாளர் நினைக்கலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வந்த கேள்விகளை அவர் பார்த்திருக்க வேண்டும். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருக்கும். நம் ஆள் ஏப்ரல் 3 என்று நினைத்து விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) 03/04 என்று அடிப்பார். அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதிக்கு மேல் போனால் அதைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதி பில் ஒரு மாதத்தில், மீதி எங்கே என்றே தெரியாது. 1,00,000 என்று வர வேண்டியது 100,000 என்று வரும்; அதைப் பார்த்ததும் பழைய முதலாளிகளுக்குப் படபடப்பு வந்துவிடும். கணினியின் வட்டார அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சரியாகிவிடும். இதை உதவிப் புத்தகத்தில் தேடினால் ஆங்கிலத்தில் எங்கோ கிடக்கும். தமிழில் படம் போட்டு விளக்கியது நாங்கள்.

அப்புறம் எழுத்துருத் தொல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் சில சமயம் கொம்பு மட்டும் புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருங்குறிக்கு வருவதற்கு முன் உங்கள் இணையப் பதிப்பைப் படிக்கவே உங்கள் எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சுரதா எழுத்துரு மாற்றியும், தமிழில் தட்டச்சு செய்யத் தமிழா குழு தந்த எ-கலப்பையும், உமர்தம்பி செய்து கொடுத்த தேனீ எழுத்துருவும் இல்லாவிட்டால் தமிழ் இணையம் என்று ஒன்று எப்படி நடந்திருக்கும்? அவர்களில் யாருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? உங்கள் செய்தியாளர் கணக்குப்படி அந்த உழைப்பும் இழப்பில் சேராது போலிருக்கிறது.

உங்கள் ஞாயிறு இணைப்பில் முன்பு கணினிக் கேள்வி-பதில் வரும். கடைக்காரர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் அது காணாமல் போனது. இப்போது அந்த இடத்தில் வாரம் ஒரு பரிகாரக் கோயில் வருகிறது. கோயில் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் தேதி அமைப்பு மாறாது. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். ‘இணைப்பு அருமை’ என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அதற்கும் நன்றி.

இந்த விஷயத்தில் பழைய கதை ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் 1993இல் தன்னார்வலர்களுக்கு எம்விபி என்ற விருதைத் தொடங்கியது. 1999 அக்டோபரில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. காரணம், அந்த ஆண்டு ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் மீது அதன் பழைய தன்னார்வலர்கள் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு: ‘நாங்கள் செய்தது வேலை, குறைந்தபட்சக் கூலி கொடு’ என்று. மைக்ரோசாஃப்டுக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் உலகெங்கிலுமிருந்து எதிர்ப்பு அஞ்சல்கள் குவிய, சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். எம்விபி இன்றைக்கும் இருக்கிறது. ஏஓஎல் வழக்கு 2010இல் ஒன்றரைக் கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சம்பளம் வாங்காதவன் செய்ததும் வேலைதானா என்பதை ஒரு நாட்டு நீதிமன்றத்தில் பதினோரு ஆண்டு வழக்காடியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் ஒரே வரியில் தீர்ப்பாகிவிட்டது!

கூகுள் வரைபடத்தில் பொதுமக்களே வரைந்து சேர்க்க உதவிய கூகுள் மேப் மேக்கர் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அது பெங்களூரில் பிறந்த திட்டம். நம் ஊர்த் தெருவையும் ஊருணியையும் வரைந்து சேர்த்த பையன்களை எனக்குத் தெரியும். வரைபடம் இன்னும் கூகுளில் இருக்கிறது. பையன்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். 2024 மே மாதம், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, சாட்ஜிபிடி செய்த ஓப்பன் ஏஐயோடு ஒப்பந்தம் போட்டபோது, கோபத்தில் தாங்கள் எழுதிய பதில்களையே அழித்தவர்களின் கணக்குகளை முடக்கினார்கள். எழுதியது நாங்கள், அழிக்க மட்டும் உரிமை இல்லை. இதையும் உங்கள் பத்திரிகை ‘தொழில்நுட்பத் துளிகள்’ என்று இரண்டு வரியில் போட்டிருந்தது.

எங்கள் இடத்துக்கு வந்திருக்கும் இயந்திரத்திடம் தமிழில் கேட்டுப் பார்த்தேன், கொம்பு ஏன் தனியே நிற்கிறது என்று. மிகப் பணிவாக, நான் வைத்திருக்கும் பதிப்பில் இல்லாத ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னது. இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்டு, அதே பொத்தானை வேறு பெயரில் அழுத்தச் சொன்னது. நாங்கள் எழுதியதைப் படித்துத்தான் அது பேசக் கற்றிருக்கும் என்று சொல்கிறார்கள். அப்படியானால் சரியாகவாவது படித்திருக்கலாம்.

வரும் மாதக் கடைசியோடு பழைய பதில்களையும் தளத்திலிருந்து எடுத்துவிடப்போவதாக நிறுவனத்தின் மின்னஞ்சல் சொல்கிறது. உங்கள் செய்தியில் அது இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: பதில்களை அழிக்காமல் படிக்கும்படி விட்டுவைப்பார்களா, அல்லது எழுதியவர்களாவது இறக்கிக்கொள்ள வழி தருவார்களா என்று உங்கள் செய்தியாளர் அந்த நிறுவனத்திடம் கேட்டு, வரும் பதிலை நாலு வரியில் போட்டால் போதும். விளம்பரம் கொடுப்பவர்கள் உங்கள் போனை எடுப்பார்கள். எங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம். நான் கணக்கு எழுதும் கடைகளில் ஒன்று அந்த நிறுவனத்தின் முகவர்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.